மாட்டிக்கொண்ட மாட்யூலும் கேமாட்டும்: மாம்பழக்கூழ் ஆலையில் இருந்து ஒரு விமர்சனம்

லினக்ஸில் டிரைவர் வேலை பார்க்கிறவர்கள் தினமும் தொடுகிற கருவி கேமாட். லினக்ஸின் மையமான கர்னலுக்குள், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூல் என்ற துண்டுகளை ஏற்றுவதும் கழற்றுவதும் அதன் வேலை. டிரைவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு மாட்யூலாகத்தான் வரும். ஆனால் கேமாட்டைப் பற்றி யாரும் உட்கார்ந்து நல்லது கெட்டது எழுதிப் பார்த்ததில்லை. எல்எஸ்மாட், இன்ஸ்மாட், ஆர்எம்மாட், மாட்ப்ரோப், மாட்இன்ஃபோ, டெப்மாட் என்று ஆறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஆறும் ஒரே ப்ரோகிராமுக்குப் போகிற இணைப்புகள்தான். டெபியனோ ஊபுண்டுவோ போட்டாலே கூட வந்துவிடும், காசு கிடையாது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாட்யூலைக் கழற்றச் சொல்லும்போது ஆர்எம்மாட் "முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது" என்று மறுப்பதுதான் இந்தக் கருவியின் பெரிய பலம். ஏன் மறுக்கிறது என்பதைப் பாதி மட்டும் சொல்வதுதான் அதன் பெரிய குறை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய பேர் ரீபூட் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அழுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சுற்றுவட்டார ஆலைகளின் எடை, எண்ணிக்கை இயந்திரங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து தருகிறேன். இந்தப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் எவ்வளவு என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரா பழம் வரத் தொடங்கிவிட்டால் ஆலை ராத்திரி பகலாக ஓடும். கேட்டுக்கு வெளியே பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் கூழ் நிரப்பும் லைனில் இருக்கிற கம்ப்யூட்டரை ரீபூட் செய்வது சின்ன விஷயம் இல்லை. நிரப்பும் இயந்திரத்தின் திரையும் அதே கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அது நின்றால் லைனை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்துதான் தொடங்க வேண்டும். அதனால் ரீபூட் செய்யாமல் ஒரு டிரைவரைக் கழற்றி மாட்ட முடியுமா என்பது எனக்குப் பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

இந்த சீசனில் வந்த சிக்கல் இது. ட்ரம் நிரம்பும்போது லோடு செல் என்ற எடை சென்சாரைப் படிக்கிற பிசிஐ கார்டு (கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டை) ஒன்று. அதன் டிரைவரை கார்டு விற்றவர்களே சோர்ஸோடு கொடுத்திருந்தார்கள். சில மணி நேரம் ஓடியதும் எடை ஒரே எண்ணில் உறைந்துபோகும். அதற்கான திருத்தம் தயார், புது டிரைவரை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பழையதைக் கழற்றப் போனால் ஆர்எம்மாட் மறுக்கிறது. கார்டைப் பயன்படுத்தும் எல்லா ப்ரோகிராமையும் மூடிவிட்டோம். எந்தப் பைலை எந்த ப்ரோகிராம் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லும் எல்எஸ்ஓஎஃப்பும் ஃப்யூசரும், கார்டை அணுகும் டிவைஸ் பைலை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்கின்றன. ஆனால் ஏற்றியிருக்கிற மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட்டில், இதைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் நிற்கிறது.

இங்கேதான் எல்எஸ்மாட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது நெடுவரிசையில் ஒரு எண், அதன் பக்கத்தில் சில நேரம் பெயர்கள். பெயர்கள் இருந்தால் அவை இந்த மாட்யூலை நம்பி நிற்கிற வேறு மாட்யூல்கள். முதலில் அவற்றைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். மாட்ப்ரோப்பை மைனஸ் ஆரோடு கொடுத்தால், மேலே இருக்கிறதைக் கழற்றும்போது கீழே வேலையில்லாமல் நிற்கிறவற்றையும் சேர்த்தே கழற்றிவிடும். பெயர்களை விட எண் அதிகமாக இருந்தால்தான் கதை வேறு. மிச்சம் இருக்கிற எண்ணிக்கை, டிவைஸைத் திறந்து வைத்திருக்கிற ப்ரோகிராம்களாலோ கர்னலுக்குள்ளேயே யாரோ பிடித்து வைத்திருப்பதாலோ வந்தது. யார் என்று எல்எஸ்மாட் சொல்லாது. அதனிடம் அந்தத் தகவலே இல்லை. கர்னல் எண்ணிக்கையை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது, பிடித்தவர்களின் பட்டியலை வைத்துக்கொள்வதில்லை.

சாதாரண நாளில் ஃப்யூசர் போதும். யூஎஸ்பி சீரியல் போர்ட்டாக இருந்தால் முதல் சந்தேகம் மோடம்மேனேஜர் மேல்தான். நீங்கள் எதையும் திறக்காவிட்டாலும், செருகிய சாதனம் மோடமா என்று பார்க்க அது போர்ட்டைத் திறந்துகொள்ளக்கூடும். தராசு டிஸ்ப்ளேக்களில் வருகிற சிஎச்340 கேபிளுக்கு ஊபுண்டு 22.04-இல் வேறொரு தொல்லை உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் அந்தக் கேபிளைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துக்கொள்ளும், டிடிஒய் என்ற சீரியல் போர்ட்டே காணாமல் போய்விடும். இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருந்தால் பாதி நாள் மிச்சம்.

ஆலையில் நடந்தது அந்த வகை இல்லை. எல்எஸ்மாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, யாருமே தொடாத கார்டின் எண்ணிக்கை நிமிடத்துக்கு ஒன்றாக ஏறுவது கண்ணில் பட்டது. நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏதோ ஒரு கடிகாரம் இதைச் செய்கிறது.

இதற்குச் சரியான கருவி கேமாட்டில் இல்லை, கர்னலின் ட்ரேஸ் வசதியில் இருக்கிறது. டிரைவர் எழுதுகிற நண்பர்கள் பலர் இதைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம். சிஸ் கோப்புறைக்குள் கர்னல், அதற்குள் ட்ரேஸிங், அதற்குள் ஈவண்ட்ஸ், அதற்குள் மாட்யூல் என்று ஒரு இடம் உண்டு. அங்கே மாட்யூல் கெட், மாட்யூல் புட் என்று இரண்டு நிகழ்வுகள். இரண்டின் எனேபிள் பைலிலும் 1 என்று எழுதினால், யாராவது ஒரு மாட்யூலைப் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு வரி பதிவாகும். அந்த வரியில் எந்த ப்ரோகிராம், எந்த மாட்யூல், கர்னலின் எந்த ஃபங்ஷனில் இருந்து கூப்பிட்டது, அதற்குப் பிறகு எண்ணிக்கை எவ்வளவு என்று நாலும் இருக்கும். வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

எனேபிள் செய்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தோம். வந்து விழுந்தது. ஆபீஸ் அறைக்கு எடைக் கணக்கு அனுப்புகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கார்டைத் திறக்கப் பார்க்கிறது. கார்டின் டிரைவர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அனுமதிக்கும். கார்டு உறைந்திருந்ததால் டிரைவர் "பிஸி" என்று திருப்பி அனுப்புகிறது. அதுவரை சரி. ஆனால் ட்ரேஸ் வரிகளைக் கீழே கீழே வைத்துப் பார்த்தால், திறக்கும்போது கர்னல் தன் பங்குக்குப் பிடித்ததையெல்லாம் எர்ரர் வந்ததும் ஒழுங்காக விட்டுவிடுகிறது. டிரைவரின் ஓப்பன் ஃபங்ஷன் தானாக ட்ரை மாட்யூல் கெட் போட்டு ஒன்று பிடிக்கிறது, "பிஸி" என்று திரும்பும்போது அதை விடுவதில்லை. பிடித்த வரி இருக்கிறது, அதற்கு ஜோடியான விட்ட வரி இல்லை. சோர்ஸைத் திறந்தால் அதே இடம்: சோதனைக்கு முன்னாலேயே கெட், நல்லபடியாக மூடும்போது மட்டும் புட்.

அந்த கெட்டே அங்கே தேவையில்லை. டிரைவரின் ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் ஃபைல் ஆபரேஷன்ஸில் ஓனர் என்ற இடத்தில் இந்த மாட்யூல் என்று எழுதிவிட்டால், திறக்கும்போது பிடிப்பதும் மூடும்போது விடுவதும் கர்னலின் வேலை. அந்த டிரைவரில் ஓனரும் எழுதியிருந்தார்கள், பழைய காலத்து கெட், புட்டும் விட்டுவைத்திருந்தார்கள். இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் மோசம். ஓனர் எழுதாமல் விட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்கும். யாரோ டிவைஸைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்போதே ஆர்எம்மாட் சந்தோஷமாகக் கழற்றிவிடும். அடுத்த படிப்பு, இல்லாத கோடுக்குள் போய் விழும், கர்னல் ஊப்ஸ், அதாவது கர்னலுக்குள்ளேயே ஒரு பிழை முறிவு. மறுக்கிற ஆர்எம்மாட்டைத் திட்டுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த பர்கூர் அரசு பொறியியல் கல்லூரித் தம்பிக்கு அவசரம்.

"அண்ணா, ஆர்எம்மாடுக்கு மைனஸ் எஃப் போட்டா எதுவா இருந்தாலும் கழண்டுடும்னு நெட்ல போட்டிருக்காங்கண்ணா."

"எதுவா இருந்தாலும் கழலாது தம்பி. முதல்ல பூட் கோப்புறையில இந்த கர்னலோட கான்ஃபிக் பைலைத் திற. மாட்யூல் ஃபோர்ஸ் அன்லோடுன்னு தேடு."

தேடினான். போடப்படவில்லை என்று இருந்தது. அப்படிக் கட்டிய கர்னலில் மைனஸ் எஃப் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். கேமாட் தன் பக்கத்துச் சோதனையை விட்டுவிட்டுக் கர்னலிடம் நேராகப் போகும், கர்னல் மறுத்துவிடும்.

அந்த வசதி போட்ட கர்னலிலும் மைனஸ் எஃப் எங்கே உதவும், எங்கே உதவாது என்று தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராத மாட்யூலையும், வெளியேறும் ஃபங்ஷனே எழுதாத மாட்யூலையும் அது பிடுங்கும். ஆனால் ஏற்றும்போதே இனிட் என்ற தொடக்க ஃபங்ஷனில் ஊப்ஸ் வாங்கி "லோடிங்" நிலையில் நிற்கிற மாட்யூலையோ, கழற்றும்போது பாதியில் தொங்கி "அன்லோடிங்" நிலையில் நிற்கிற மாட்யூலையோ அது தொடாது. உயிரோடு இருக்கிற மாட்யூல் இல்லையென்றால் கர்னல் அங்கேயே "டிவைஸ் பிஸி" என்று அனுப்பிவிடும். டிரைவர் டீபக் செய்யும்போது மாட்டிக்கொள்கிற மாட்யூல்களில் அதிகம் இந்த இரண்டு நிலைகள்தான். அதாவது எதற்காக மைனஸ் எஃப்பைத் தேடிப் போகிறார்களோ, அதற்கு அது பயன்படாது. பயன்படுகிற இடத்திலோ, உண்மையிலேயே யாரும் உள்ளே இல்லை என்று ட்ரேஸ் பார்த்து நிரூபித்த பிறகுதான் தொட வேண்டும். தொட்டதும் கர்னல், தான் கறைபட்டதைச் சொல்லும் டெயிண்டட் எண்ணில் 8-ஐச் சேர்த்துக் குறித்துக்கொள்ளும், ஊப்ஸ் அறிக்கையில் ஆர் என்ற எழுத்து வரும். அதற்குப் பிறகு வருகிற எந்தப் பிழையையும் கர்னல்காரர்கள் மதித்துப் பார்க்க மாட்டார்கள், அது நியாயம்தான்.

இங்கே கேமாட் மேல் எனக்கு உள்ள பெரிய மனக்குறை வருகிறது. மாட்யூல் லைவா, லோடிங்கா, அன்லோடிங்கா என்ற நிலை ப்ராக் கோப்புறையில் இருக்கிற மாட்யூல்ஸ் பைலில் ஒவ்வொரு வரியிலும் அச்சடித்து இருக்கிறது. வெளியேறும் வழி இல்லாத மாட்யூலுக்கு பெர்மனண்ட் என்றும் அங்கே போட்டிருக்கும். எல்எஸ்மாட் இந்த இரண்டையும் காட்டுவதில்லை. பெயர், அளவு, எண்ணிக்கை, நம்பி நிற்பவர்கள், அவ்வளவுதான். மாட்டிக்கொண்ட மாட்யூலைப் பார்க்க வருகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டிய ஒரே வார்த்தையை விட்டுவிட்டு, பைட் கணக்கில் அளவைக் காட்டி என்ன பயன்? அந்த ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் எத்தனையோ பேர் மைனஸ் எஃப்போடு மல்லுக்கட்டாமல் நேராக விஷயத்துக்கு வருவார்கள். அதுவரை எல்எஸ்மாட்டை மட்டும் நம்பாதீர்கள், அந்தப் பைலிலும் க்ரெப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

சரி, ஆலைக் கதைக்கு வருகிறேன். மாட்யூல் கழலாது, மைனஸ் எஃப் கிடையாது, ரீபூட் செய்ய முடியாது. அப்புறம் என்ன வழி? மாட்யூல் வேறு, அது பிடித்திருக்கிற சாதனம் வேறு. சாதனத்தை டிரைவரிடம் இருந்து பிரிக்க எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. சிஸ் கோப்புறையில் பிசிஐ டிரைவர்களின் கீழ் அந்த டிரைவர் பெயரில் அன்பைண்ட் என்று ஒரு பைல் இருக்கும். கார்டின் முகவரியை அதில் எழுதினால் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் ஓடி, கார்டு சுதந்திரமாகிவிடும். நாங்கள் முதலில் க்ரான் ஸ்கிரிப்டை நிறுத்தினோம். திருத்திய டிரைவரை வேறு மாட்யூல் பெயரில், வேறு டிரைவர் பெயரில் கட்டினோம். டிவைஸை வகைப்படுத்தும் கிளாஸ் பெயரையும் மாற்ற வேண்டும். பழைய மாட்யூல் நினைவகத்தில் இருக்கிறவரை அதன் கிளாஸும் இருக்கும், அதே பெயரில் இன்னொன்று உருவாக்கக் கர்னல் விடாது. டிவைஸ் பைலின் பெயரை மட்டும் அப்படியே வைத்தோம், ஏனென்றால் பழைய ரிமூவ் அதை அழித்துவிட்டிருந்தது. அன்பைண்ட் செய்து, புதியதை ஏற்றியதும் அது கார்டைப் பிடித்துக்கொண்டது. எடை ஓடத் தொடங்கியது. திரை ப்ரோகிராமுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. அதுவரை ட்ரம்களைத் தரைத் தராசில் ஏற்றி எடை பார்த்துக்கொண்டிருந்த லைன் மேஸ்திரி, "ரீபூட் பண்ணலையா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். பழைய மாட்யூல் லைன் கழுவும் நேரம் வரை சும்மா உள்ளே கிடந்தது. கொஞ்சம் நினைவகம்தான் செலவு.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை: ரிமூவ் ஃபங்ஷன் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும். டைமரையும் ஒர்க்கியூவையும் (பின்னால் செய்ய வரிசையில் வைத்த வேலைகள்) நிறுத்தாமல் போகிற டிரைவராக இருந்தால், அன்பைண்ட் செய்த கொஞ்ச நேரத்தில் டைமர் எழுந்து, விடுவித்துவிட்ட நினைவகத்தைத் தொடும். அதை முன்னாலேயே படித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

ஆர்எம்மாடே தொங்கிப்போகிற வகை இன்னொன்று. ஓசூரில் ஒரு பட்டறையின் சோதனை ஜிக்கில் (பாகங்களைப் பொருத்திச் சோதிக்கும் அமைப்பு) பார்த்தேன். ஆர்எம்மாட் கொடுத்தால் திரும்பி வருவதில்லை. கண்ட்ரோல் சி வேலை செய்யாது, கில் மைனஸ் 9-உம் வேலை செய்யாது. ஓடும் ப்ரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ்ஸில் டி நிலை, அதாவது சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கம், என்று காட்டும், 120 விநாடி கழித்து கர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஸேஜில் ஆர்எம்மாட் தடைபட்டு நிற்கிறது என்று கர்னலே எழுதும். இந்த நேரத்தில் ஆர்எம்மாடைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ப்ராக்கில் அதன் பிஐடி எண்ணுக்குள் ஸ்டாக் என்ற பைலை ரூட்டாக இருந்து படித்தால் எங்கே நிற்கிறது என்று வரிசையாக வரும். ஜிக்கில் கேத்ரெட் ஸ்டாப் என்ற இடத்தில் நின்றது. அதாவது டிரைவர் தொடங்கிய த்ரெட் (தனியாக ஓடும் வேலை) நிற்பதற்காகக் காத்திருக்கிறது. அந்த த்ரெட்டின் ஸ்டாக்கைப் படித்தால், அது கால் சுவிட்சில் இருந்து வரும் இண்டரப்ட் சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. நிறுத்தச் சொன்னார்களா என்பதை லூப்பின் தலையில் மட்டும் பார்க்கிறது, காத்திருக்கும் இடத்தில் பார்ப்பதில்லை. கேத்ரெட் ஸ்டாப் அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்து, சுவிட்ச் வரவில்லையே என்று மறுபடி படுத்துக்கொள்கிறது.

டிரைவர் இண்டரப்ட்டை இன்னும் விடுவிக்கவில்லை என்று சோர்ஸில் உறுதி செய்துகொண்டு, ஆபரேட்டரைக் கால் சுவிட்சை ஒருமுறை மிதிக்கச் சொன்னேன். த்ரெட் எழுந்தது, லூப்பின் தலைக்குப் போனது, நிறுத்தச் சொன்னதைப் பார்த்தது, வெளியேறியது. அந்த நொடியே டெர்மினலில் ஆர்எம்மாட் முடிந்து ப்ராம்ட் வந்து நின்றது. காத்திருக்கும் நிபந்தனைக்குள் கேத்ரெட் ஷுட் ஸ்டாப்பையும் சேர்த்ததோடு அந்த நோய் தீர்ந்தது. தொங்கிப்போன ஆர்எம்மாட் எதற்காகக் காத்திருக்கிறதோ, அதை வெளியில் இருந்து கொடுக்க முடியுமா என்று எப்போதும் பாருங்கள். இண்டரப்ட் வருகிற சாதனமாக இருந்தால் பல நேரம் முடியும்.

ஊப்ஸ் வாங்கிய த்ரெட் மியூட்டெக்ஸ் என்ற பூட்டு ஒன்றைப் பிடித்தபடியே செத்திருந்தால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. அங்கே ரீபூட்தான்.

மீதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்எம்மாடில் முன்பு இருந்த காத்திருக்கும் ஆப்ஷன் இப்போது இல்லை. 2013-இல் கர்னல் பக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள், எடுத்தது சரி. இப்போதைய மாட்ப்ரோப்பில் மைனஸ் ஆரோடு வெயிட் கொடுத்து மில்லிவிநாடிக் கணக்கு சொன்னால், அதுவரை மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். சோதனை ஸ்கிரிப்டுகளில் இது ரொம்ப உபயோகம், ஏனென்றால் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் ஏதோ ஒரு வேலையாள் ப்ரோகிராம் டிவைஸை ஒரு கணம் திறந்து மூடுவதால் வருகிற பொய்த் தோல்விகள் போய்விடும். கேமாட்டின் உதவிக் குறிப்புகளான மேன் பக்கங்கள் சின்னவை, நேர்மையானவை. மைனஸ் எஃப் பற்றி மிக ஆபத்தானது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைந்த ஒன்று எல்எஸ்மாட் நிலையைக் காட்டாததற்கு.

கார்டு விற்றவர்களுக்கு ட்ரேஸ் வரிகளையும், தேவையில்லாத கெட், புட் இரண்டையும் எடுத்த திருத்தத்தையும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டு புதிய சோர்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். இப்போது யார் டிரைவர் கொடுத்தாலும் வீட்டிலேயே ஒரு ஸ்கிரிப்டில் போட்டுவிடுகிறேன்: ஏற்று, திற, இன்னொரு பக்கம் இருந்தும் திறந்து "பிஸி" வாங்கு, மூடு, எண்ணிக்கை பூஜ்யமா என்று பார், கழற்று. ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் அது ஆலைக்குப் போகும்.